விடைபெறாமல் போன லான்சர்

(கனகம்மாசத்திரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்து மேடைகளில் தணிகை முருகனைப் பற்றிப் பேசுவார்கள். திருவாலங்காட்டில் ஆடிய கூத்தனைப் பற்றியும், அவன் காலடியில் அமர்ந்த காரைக்கால் அம்மையாரைப் பற்றியும் பேசுவார்கள். திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய ம.பொ.சி.யைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் இன்று ஒரு காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் லான்சர். அதற்கு முறையாக விடை கொடுக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு காருக்கு விடை கொடுக்க ஒரு கூட்டமா? அதுவும் கனகம்மாசத்திரத்திலா? இந்தக் கேள்வி உங்கள் மனத்தில் எழுந்தால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இந்த வாசலில் ஓடும் சாலையில் இருக்கிறது. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற சாலை இது. இதே சாலையில் கிழக்கே போனால் திருவள்ளூர். திருவள்ளூருக்குப் பக்கத்தில், கடம்பத்தூரை அடுத்த அதிகத்தூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு கார் ஆலையைக் கட்டியது. அம்பாசடர் காரைச் செய்த அதே நிறுவனம்தான். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தோடு சேர்ந்து 1998-ல் அங்கே லான்சர் காரைச் செய்யத் தொடங்கினார்கள். திருவள்ளூர் தனி மாவட்டமாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. புது மாவட்டத்தில் பிறந்த புதுக் கார் அது.

நம் மாவட்டத்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு அதற்கும் பழையது. சோழவரத்தை மறந்துவிட முடியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. போர் முடிந்த பின் அந்த ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயமும் பைக் பந்தயமும் நடத்தியது. நாட்டின் பல மூலைகளிலிருந்து வண்டிகளோடு வந்து இறங்குவார்கள். கோயம்புத்தூரின் கரிவர்தன் தன் பட்டறையில் தானே செய்த பந்தயக் கார்களை அங்கேதான் ஓட்டிக் காட்டினார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்த பிறகுதான் சோழவரம் ஓய்ந்தது. வேகத்தை நேசிக்கிறவர்களுக்கு இது புண்ணிய பூமி என்று சொன்னால் அது மிகையாகாது.

லான்சர் எங்கிருந்து வந்தது? 1973-ல் ஜப்பானில் வந்தது. சின்னக் கார். சாதாரணக் குடும்பங்கள் வாங்குகிற கார். ஆனால் மறு ஆண்டே அது உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆப்பிரிக்காவில் சஃபாரி ராலி என்று ஒரு போட்டி உண்டு. ராலி என்றால் வட்டமான தடத்தில் சுற்றிவருவது இல்லை. காட்டுப் பாதை, மண் பாதை, சேறு, ஆற்றுப் படுகை என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து பாதைக் குறிப்பைப் படித்துக்கொண்டே வருபவர் ஒருவர். அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு கூர்மை என்று அவர் சொல்லச் சொல்ல, கண்ணுக்குத் தெரியாத வளைவை நம்பி இவர் வண்டியை விடவேண்டும். அந்தக் காலத்தில் சஃபாரியில் ஜெயிப்பதைவிட அதை முடிப்பதே பெரிய காரியம். புறப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை வழியிலேயே உடைந்து நின்றுவிடும்.

1974-ல் அந்தச் சஃபாரியை லான்சரில் ஜெயித்தவர் யார் தெரியுமா? ஜோகிந்தர் சிங். நம் நாட்டு வம்சாவளியில் வந்தவர், கென்யாவில் பிறந்த சீக்கியர். மெக்கானிக்காகத் தொடங்கியவர். எஞ்சினைத் தன் கையால் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர். 1965-ல் பழைய வால்வோ காரை வாங்கி அதிலேயே சஃபாரியை ஜெயித்தவர். 1974-ல் கொட்டுகிற மழையில், பெரிய ஐரோப்பியக் கம்பெனிகளின் வண்டிகளுக்கு நடுவே, ஒரு சின்ன ஜப்பானியக் காரைக் கொண்டுபோய் முதலிடத்தில் நிறுத்தினார். 1976-ல் மறுபடியும் ஜெயித்தார். அந்த ஆண்டு முதல் மூன்று இடங்களும் லான்சருக்கே. லான்சர் என்ற பெயருக்கு உலக மேடையில் முதல் மாலையைப் போட்டது ஒரு இந்திய வம்சத்து மெக்கானிக்கின் கை. பிள்ளைகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வந்ததுதான் லான்சர் எவல்யூஷன். அதை நேசிக்கிறவர்கள் சுருக்கமாக ‘எவோ’ என்பார்கள். 1992-ல் முதல் எவோ வந்தது. அது ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அது பின்னால் ஏன் நின்றது என்பதற்கும் விளக்கம் அங்கேயே இருக்கிறது. அந்நாளைய ராலி விதி ஒன்று இருந்தது. பந்தயத்தில் ஓட்டும் காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும். பத்து இருபது விற்றால் போதாது, ஆயிரக்கணக்கில் செய்தாக வேண்டும். தொண்ணூறுகளில் 2,500 என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதனால் மிட்சுபிஷி என்ன செய்தது? குடும்பங்கள் வாங்கும் நான்கு கதவு லான்சரின் உடலை எடுத்தது. அதற்குள் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினை வைத்தது. நான்கு சக்கரத்துக்கும் விசையைக் கொடுத்தது. கடையில் விற்றது. காய்கறி வாங்கப் போகிற காரும் காட்டு மலையில் பாய்கிற காரும் ஒன்றே என்கிற அதிசயம் அப்படித்தான் பிறந்தது.

அந்த அதிசயத்தை ஓட்டியவர் டோமி மாக்கினன். பின்லாந்துக்காரர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இளவயதில் டிராக்டர் உழவுப் போட்டியில் பரிசு வாங்கியவர். ஏர்முனையை நேராகப் பிடித்த கைதான் ஸ்டீயரிங்கைப் பிடித்தது. 1996, 1997, 1998, 1999 என்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகச் சாம்பியன். நான்கும் லான்சர் எவோவில்.

அதில் 1998-ம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நவம்பர் மாதம், பிரிட்டனில் கடைசி ராலி. பட்டத்துக்கு இருவர் போட்டி. ஒருவர் மாக்கினன், இன்னொருவர் டொயோட்டாவை ஓட்டிய, ஸ்பெயின் நாட்டின் கார்லோஸ் சாயின்ஸ். முதல் நாளே மாக்கினனின் லான்சர் சாலையில் சிந்திக் கிடந்த எண்ணெயில் சறுக்கி மோதியது, பின் சக்கரம் போய்விட்டது. போட்டியிலிருந்து வெளியே. பட்டம் சாயின்ஸுக்கு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் பத்திரமாக ஓட்டி முடித்தால் போதும். ஓட்டினார். கடைசி நாள், கடைசிக் கட்டம், கோட்டைத் தொடச் சில நூறு மீட்டர்தான் பாக்கி. அங்கே அவருடைய எஞ்சின் நின்றுபோனது. பக்கத்தில் இருந்த லூயிஸ் மோயா, காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கத்தினார். கார் அசையவில்லை. எங்கோ ஒதுங்கியிருந்த மாக்கினன் உலகச் சாம்பியன் ஆனார். தயாரிப்பாளருக்கான உலகப் பட்டமும் அந்த ஆண்டு மிட்சுபிஷிக்கே கிடைத்தது.

அந்த 1998-ல்தான் நம் அதிகத்தூரில் லான்சர் உருண்டு வெளியே வந்தது. இரண்டும் ஒரே ஆண்டு.

ஆண்டு மட்டுமா ஒன்று? உடலும் ஒன்று. மாக்கினன் ஓட்டிய நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எவோ எந்த லான்சரின் உடலிலிருந்து செய்யப்பட்டதோ, அதே தலைமுறை லான்சரைத்தான் திருவள்ளூரில் செய்தார்கள். நம்முடையதில் டர்போ இல்லை. முன் சக்கரங்களுக்கு மட்டும்தான் விசை. பெட்ரோல் எஞ்சின் ஒன்றரை லிட்டர், ஏறக்குறைய 87 குதிரைச் சக்தி. ஜப்பானின் எவோவுக்கு 280. வித்தியாசம் பெரிது, மறைக்கவில்லை. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஒருவன் படைக்குப் போனான், ஒருவன் வீட்டைப் பார்த்துக்கொண்டான்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவனின் எலும்பிலும் அந்த உறுதி இருந்தது. அன்றைக்குப் பல கார்களில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் கட்டியிருப்பார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆடும். லான்சரில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி இணைப்புகளில் தொங்கும். பள்ளத்தில் இறங்கியது தன் பாட்டுக்கு இறங்கும், மற்றது சாலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வளைவில் திருப்பும்போது டிரைவருக்கு அது உள்ளங்கையில் தெரியும். தணிகை மலைப்பாதை ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். லான்சரை வளைவில் திருப்பியவர்கள் அதன் பிறகு வேறு காரில் ஏறினாலும் அந்தப் பிடிப்பைத் தேடினார்கள். எஞ்சின் சத்தமாக இரையாது. ஐந்து கியர்களும் வெண்ணெயாக விழும். டீசல் எஞ்சின் வைத்த லான்சரும் வந்தது. நீண்ட ஓட்டத்துக்கு அதை நம்பி வைத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

2006-ல் அதன் அடுத்த தலைமுறை வந்தது. லான்சர் சீடியா என்று பெயர். இரண்டு லிட்டர் எஞ்சின். இதுவும் அதிகத்தூரில் செய்ததுதான். இதன் உடல், ஏழு முதல் ஒன்பது வரையிலான எவோக்களின் குடும்பம். இந்தச் சீடியாதான் இந்திய ராலிக் களத்தில் இறங்கியது. டீம் எம்.ஆர்.எஃப். அதை எடுத்துத் தேசிய ராலிப் போட்டிகளில் ஓட்டியது. கௌரவ் கில் சீடியாவில்தான் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறந்தார். பின்னாளில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை 2013-லும் 2016-லும் 2017-லும் வென்று, 2019-ல் அர்ஜுனா விருது வாங்கிய அதே கௌரவ் கில். மோட்டார் பந்தயத்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆலை எங்கே இருக்கிறது? நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில், இச்சிப்புத்தூரில். வண்டி திருவள்ளூரில் பிறந்தது. அணியின் ஆலை அரக்கோணத்தில் நிற்கிறது. நாட்டின் ராலி வரலாற்றில் இவ்வளவு நெருக்கமாக நம் பேட்டை கலந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறதா? நம் ஊர்ப் பேச்சிலாவது இருக்கிறதா?

அப்படிப்பட்ட கார் ஏன் நின்றது?

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். நான் முன்பு சொன்ன ராலி விதி 1997-லிருந்து தளர்ந்தது. கடையில் விற்கும் கார் ஒன்று, ஓட்டத்துக்குச் செய்யும் கார் வேறொன்று என்று இருக்கலாம் என்றார்கள். டர்போவும் நான்கு சக்கர விசையும் கொண்ட காரை ஆயிரக்கணக்கில் செய்து விற்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 2005-ன் முடிவில் மிட்சுபிஷி உலக ராலியைவிட்டு விலகியது. அதற்குப் பிறகும் 2007-ல் பத்தாவது எவோவைக் கொண்டுவந்தார்கள். 2010-ல் அது இறக்குமதியாகி இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் புகை விதிகள் இறுகின, நிறுவனம் உயரமான எஸ்.யு.வி. வண்டிகளையும் மின்சார வண்டிகளையும் நோக்கித் திரும்பியது. எவோவுக்கு இடம் இல்லாமல் போனது.

இங்கே கதை வேறு. 1998-ல் லான்சர் வந்தபோது அதன் எதிரில் நின்றது ஹோண்டா சிட்டி. மறு ஆண்டே மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட் வந்தது. மற்றவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது உருவம் கொடுத்தார்கள். லான்சர் பத்தாண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய அதே முகத்தோடு நின்றது. 2010 ஏப்ரலில் பெருநகரங்களில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதி வந்தது. பழைய எஞ்சின்களுக்கு அது பெரிய சுவர். சீடியாவும் அடுத்த சில ஆண்டுகளில் நின்றது. என் தீர்ப்பைக் கேட்டால், லான்சர் தோற்ற கார் இல்லை. கவனிப்பாரில்லாமல் வயதான கார். சாலையில் அதை ஜெயித்தவர்கள் குறைவு. ஷோரூமில் அதை முந்தியவர்கள் அதிகம். அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜப்பானில் எவோவுக்கு எப்படி விடை கொடுத்தார்கள் தெரியுமா? 2015-ல் ‘ஃபைனல் எடிஷன்’ என்று கடைசிப் பதிப்பைச் செய்தார்கள். ஜப்பானுக்கு 1,000 கார்கள். ஐந்து கியர், கையால் போடுகிற கியர் மட்டும். உண்மையாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு என்று அர்த்தம். எஞ்சினின் சக்தியை 313-க்கு உயர்த்தினார்கள். போகிற வண்டிக்குக் கூடுதல் பலம் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு காரிலும் அதன் வரிசை எண்ணைப் பொறித்த ஒரு தகடு வைத்தார்கள். எடுத்துப்போனவர்களுக்குத் தெரியும், இது எத்தனையாவது என்று. அமெரிக்காவுக்கு 1,600 கார்களை அனுப்பினார்கள்.

திருவள்ளூர் லான்சருக்கு யார் தகடு பொறித்தார்கள்? கடைசி வண்டி வெளியே வந்தபோது யார் மாலை போட்டார்கள்? இதே நிறுவனத்தின் அம்பாசடர் 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்றபோது நாடே கண்ணீர் விட்டது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதட்டும், அம்பாசடருக்கு அது தகும். ஆனால் அதே வீட்டின் இன்னொரு பிள்ளை, வேகத்தில் பேர் வாங்கிய பிள்ளை, நம் சாலையில் பிறந்த பிள்ளை, ஒரு வரிச் செய்திகூட இல்லாமல் போய்விட்டதே! போகும்போது போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவது நம் வழக்கம். சொல்லிக்கொள்ள விடாமல் அனுப்பிவிட்டோம். இது எனக்கு வலிக்கிறது. உங்களுக்கும் வலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்த ஆலை இன்றும் நிற்கிறது. லான்சருக்குப் பிறகு, தடாவை அடுத்த ஸ்ரீ சிட்டியில் தங்கள் சொந்த ஆலை 2016-ல் திறக்கும்வரை இசுசு நிறுவனத்தார் அங்கேதான் வண்டிகளைச் செய்துவாங்கினார்கள். 2017-ல் பிரான்சின் பெஜோ குழுமம், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை வைத்திருந்த பிர்லா குழுமத்தோடு கை கோத்தது. 2021-ல் அதே இடத்திலிருந்து சித்ரோயன் கார் வந்தது, இப்போதும் வருகிறது. பூட்டிப் புதர் மண்டிய ஆலைகளை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அப்படி நேரவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஜப்பானியர் கார், அப்புறம் பிரெஞ்சுக்காரர் கார் என்று வண்டிகள் மாறின. வெல்டிங் புகையில் நின்றவர்களும் பெயின்ட் அறையில் முகமூடியோடு நின்றவர்களும் நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஷிப்ட் பஸ் ஏறியவர்கள். கதவின் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் சரியாக இருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றார்கள். அந்தக் கையறிவு வேறு கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது, சொந்த வொர்க்‌ஷாப்புகளுக்குப் போயிருக்கிறது, சிலரோடு ஓய்வுக்கும் போயிருக்கிறது. அதை எழுதி வைத்தவர் யார்?

காலம் நமக்காகக் காத்திருக்காது. பதினைந்து வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் கட்டணம் இருந்தது; 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆனது. எஃப்.சி., பெயின்ட், டிங்கரிங் எல்லாம் அதற்கு மேல். வைத்திருப்பவர் என்ன செய்வார்? பழைய இரும்புக்குப் போடுவார். அதிகத்தூரின் முதல் லான்சர்கள் பதினைந்து வயதை எப்போதோ தாண்டிவிட்டன. கடைசிச் சீடியாக்களும் அந்த வயதை நெருங்கிவிட்டன. இன்னும் சில வருடம் போனால் நம் மாவட்டத்தில் செய்த லான்சரை நம் மாவட்டத்துப் பிள்ளைக்குக் காட்ட ஒன்றுகூட மிஞ்சாது.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை வைத்திருக்கிறார்கள். பழைய கார்களைத் துடைத்து, வரலாற்றைப் பலகையில் எழுதி, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். சோழவரத்தையும் அதிகத்தூரையும் வைத்திருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு காராவது அப்படி நிற்க வேண்டாமா?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அதிகத்தூர் ஆலையில் லான்சரையோ சீடியாவையோ செய்த தொழிலாளர்கள் இந்த அரங்கில் இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் இருந்தால், பேசுங்கள். பிள்ளைகள் உங்கள் போனில் அதைப் பதிவு செய்யுங்கள். எந்த லைனில் நின்றார்கள், எந்தக் கருவியைப் பிடித்தார்கள், ஜப்பானிலிருந்து வந்தவர்கள் என்ன கற்றுக்கொடுத்தார்கள், கடைசி வண்டி போன நாளில் என்ன நினைத்தார்கள், எல்லாவற்றையும் கேளுங்கள். பழைய அடையாள அட்டை, ஆலைக்குள் எடுத்த போட்டோ, ஷோரூமில் கொடுத்த விளம்பரத் தாள் எதையும் தூக்கி எறியாதீர்கள். மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனு கொடுப்போம்: ஓடும் நிலையில் உள்ள ஒரு திருவள்ளூர் லான்சரை மாவட்டத்தில் மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும், அதைச் செய்தவர்களின் பெயரைப் பக்கத்தில் பலகையில் எழுத வேண்டும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு லான்சர் நின்றுகொண்டிருந்தால், அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.